இடுப்பு வளைய வலியோடு ஒரு கர்ப்பகாலம்: திருகோணமலையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வு, தன் இரண்டாவது கர்ப்பத்தின் 27ஆவது வாரத்தில் இடுப்பு வலியோடு இயன்மருத்துவப் (பிசியோதெரபி) பிரிவுக்கு அனுப்பப்பட்ட 29 வயதுத் தாய் ஒருவரைப் பிரசவத்துக்குப் பின் மூன்று மாதங்கள் வரை கவனித்து வந்ததன் பதிவாகும். அவர் யாரென்று அடையாளம் காட்டக்கூடிய விபரங்கள் நீக்கப்பட்டோ மாற்றப்பட்டோ உள்ளன. அரிதான நோயொன்று என்பதற்காக இதை நான் தேர்ந்தெடுக்கவில்லை. கர்ப்பிணிகளில் ஏறத்தாழ அரைவாசிப் பேருக்கு ஏதோவொரு கட்டத்தில் நாரி வலி, அதாவது கீழ்முதுகு வலி, வருகிறது. ஐவரில் ஒருவருக்கு இடுப்பு வளையத்தின் மூட்டுகளிலேயே வலி எடுக்கிறது. இவ்வளவு பரவலான ஒன்று என்பதாலேயே அதை யாரும் நின்று கேட்பதில்லை. இத்தாயின் வலியைக் குறைத்தது பெரிய சிகிச்சை எதுவுமன்று. விடியற்காலை எழுவது முதல் இரவு படுப்பது வரை அவருடைய ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்பதைக் கேட்டறிந்து, அந்த நாளை மாற்றி அடுக்கியதே பெருமளவு பலன் தந்தது.

வந்தபோது இருந்த நிலை

நகரத்துக்கு வடக்கே, நிலாவெளி வீதியை அண்டிய கடற்கரைக் கிராமமொன்றில் அவர் கணவரோடும் மாமியோடும் மூன்று வயது மகனோடும் வாழ்கிறார். கணவர் கடற்றொழிலாளி. இவர் வீட்டிலிருந்தபடியே தைத்துக் கொடுக்கிறார். ஐப்பசி மாதத்தில் தீபாவளிக்கான தையல் குவிந்து கிடந்த நாட்களில் நாரியில் ஒரு பிடிப்பாகத் தொடங்கிய வலி, கந்தசஷ்டிக் காலத்தில் கோணேசர் கோவிலுக்குப் போய்க் கோட்டைக்குள் இருக்கும் மேட்டுப் பாதையால் இறங்கி வரும்போது இடது பின்பக்கத்தில் திடீரென வெட்டியதாகச் சொன்னார். அன்றிலிருந்து படியேறுவதும், ஒற்றைக் காலில் நின்று பாவாடை மாற்றுவதும், ஆட்டோவில் ஏறி இறங்குவதும் கடினமாயின. எல்லாவற்றையும் விட இரவுதான் அவரை வாட்டியது.

“படுக்கையில பக்கம் திரும்பேலாமக் கிடக்கு மிஸ். ரெண்டு காலும் ரெண்டு பக்கமாப் பிரியிற மாதிரி இருக்கு. எழும்பி இருந்து, பிறகு மற்றப் பக்கம் படுக்கிறன்.”

கையில் வைத்திருந்த கர்ப்பிணிப் பதிவேட்டில் ‘முதுகு வலி’ என்று மட்டுமே எழுதப்பட்டிருந்தது. முன்னர் ஓரிடத்தில் இதைச் சொன்னபோது, இது எல்லாருக்கும் இருக்கிறதுதான், பிள்ளை பிறந்தால் சரியாகிவிடும் என்ற பதிலே கிடைத்ததாம். அந்தப் பதிலில் பாதி உண்மை. பெரும்பாலான தாய்மாருக்குப் பிரசவத்துக்குப் பின் இந்த வலி விலகிவிடுகிறது. ஆனால் 27ஆவது வாரத்தில் நிற்கும் ஒரு பெண்ணுக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. அந்த மூன்று மாதமும் நித்திரையின்றி, மூத்த பிள்ளையைத் தூக்க முடியாமல், வலி குழந்தையைப் பாதிக்குமோ என்ற பயத்தோடு அவர் கழிக்க வேண்டும் என்பது அந்தப் பதிலைச் சொன்னவருக்குத் தோன்றவில்லை. இத்தாய் என்னிடம் முதலில் கேட்டதும் தன் வலியைப் பற்றியன்று: “பிள்ளைக்கு ஏதும் நடந்திடுமோ மிஸ்?” இல்லை என்பதே விடை. இடுப்பு வளைய வலி தாய்க்கு எவ்வளவு துன்பம் தந்தாலும், வயிற்றிலுள்ள குழந்தைக்கு அதனால் தீங்கில்லை. இதை முதல் நாளே, தயக்கமின்றி, தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பயம் தணியும்போது தசைகளின் இறுக்கமும் தணிவதை நான் மீண்டும் மீண்டும் கண்டிருக்கிறேன்.

முதல் கர்ப்பத்தின் கடைசி மாதத்திலும் இதே போன்ற, ஆனால் இலேசான வலி இருந்ததாக விசாரித்தபோது தெரியவந்தது. இது முக்கியமான தகவல். முந்தைய கர்ப்பத்தில் இடுப்பு வளைய வலி இருந்தவர்களுக்கும், ஏற்கெனவே நாரி வலியோ இடுப்பெலும்பில் அடிபட்ட வரலாறோ உள்ளவர்களுக்கும் இது வருவதற்கான வாய்ப்புக் கூடுதல். மாறாக, முன்பு பாவித்த கருத்தடை மாத்திரையால்தான் இது வந்தது என்று மாமி உறுதியாக நம்பினார். ஐரோப்பிய நிபுணர் குழு 2008இல் வெளியிட்ட வழிகாட்டலில், கருத்தடை மாத்திரை, இரு பிள்ளைகளுக்கிடையிலான இடைவெளி, தாயின் உயரம் ஆகிய எவையும் இவ்வலிக்கான காரணிகள் அல்ல என்று கூறப்பட்டிருப்பதை அவர்களுக்கு எடுத்துச் சொன்னேன். குற்றவுணர்வோடு வலியைச் சுமப்பது இரட்டைச் சுமை.

வேறு எதுவும் இல்லை என்பதை உறுதிப்படுத்தல்

கர்ப்பிணி ஒருவர் நாரி நோகிறது என்று வரும்போது, மூட்டுகளைத் தொடுவதற்கு முன் கேட்க வேண்டியவை சில உள்ளன. இரத்தக்கசிவு, நீர் வெளியேறுதல், வயிறு விட்டுவிட்டு இறுகுதல் ஆகியன இருந்தால் அது குறைமாதப் பிரசவத்தின் தொடக்கமாக இருக்கலாம். காய்ச்சல், சிறுநீர் கழிக்கும்போது எரிவு, விலாவுக்குக் கீழே ஒரு பக்கமாகக் குத்தும் வலி ஆகியன சிறுநீரகத் தொற்றைச் சுட்டும். கர்ப்பகாலத்தில் அதைத் தவறவிடக்கூடாது. கால் பலமிழப்பது, தொடையிடுக்கும் ஆசனவாயைச் சுற்றிய பகுதியும் மரத்துப்போவது, சிறுநீர் கழிக்க முடியாமற் போவது ஆகியவை முள்ளந்தண்டு நரம்புகள் நெருக்கப்படுவதன் அறிகுறிகள். அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டியவை. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடேறி நோவது இரத்தக்கட்டியாக இருக்கலாம். இத்தாய்க்கு இவற்றில் எதுவும் இல்லை. சிறுநீர்ப் பரிசோதனையும் இரத்த அழுத்தமும் சரியாக இருந்தன. குழந்தையின் அசைவும் வழமை போலவே இருந்தது. அனுப்பிய வைத்தியர் அவற்றை ஏற்கெனவே பார்த்துக் குறித்திருந்தார். கால்களின் உணர்ச்சியும் பலமும் தெறிவினைகளும் இரு பக்கமும் ஒரே மாதிரி இருந்தன. தொடையின் பின்புறம் வரை இறங்கும் வலியைக் கேட்டவுடன் நரம்பு என்று சொல்லிவிடுவது வழக்கம். கர்ப்பகாலத்தில் உண்மையான நரம்பு நெருக்கம் மிகச் சிலருக்கே வருகிறது. இவருடைய வலி முழங்காலுக்குக் கீழே இறங்கவில்லை.

பரிசோதனை

வலி எங்கே என்று கேட்டபோது அவர் இடுப்பில் கையை விரித்து வைக்கவில்லை. ஒரே விரலால், இடது பக்கத்தில், நாரியின் கீழ்க் குழிக்குச் சற்றுக் கீழே தொட்டுக் காட்டினார். பின் அதே விரலை முன்பக்கத்தில் அடிவயிற்றின் கீழ் எலும்பில் வைத்தார். முள்ளந்தண்டின் அடியிலுள்ள திருவென்பு இரு இடுப்பெலும்புகளோடும் சேரும் மூட்டுகள் பின்னாலும், அவ்விரு எலும்புகளும் ஒன்றையொன்று சந்திக்கும் பூப்பென்பு ஒட்டு முன்னாலும் உள்ளன. இந்த எலும்புகளும் இம்மூன்று இணைப்புகளும் சேர்ந்ததே இடுப்பு வளையம். விலாவுக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் இடையில் வருவது நாரி வலி. அந்த விளிம்புக்குக் கீழே, பிட்டத்தின் மடிப்பு வரை வருவது இடுப்பு வளைய வலி. இரண்டையும் ‘முதுகு வலி’ என்ற ஒரே சொல்லுக்குள் போட்டுவிட்டால், ஒருவருக்கு உதவும் அறிவுரை மற்றவருக்கு வலியைக் கூட்டும். நாரி வலி உள்ளவருக்கு நல்ல நடை பெரும்பாலும் ஆறுதல் தரும்; இத்தாய்க்கோ இருபது நிமிட நடைக்குப் பின் மறுநாள் முழுதும் வலித்தது.

இந்த மாதத்தில் தாயை நீண்ட நேரம் மல்லாந்து படுக்க வைப்பது நல்லதன்று. கருப்பையின் பாரம் வயிற்றினுள் ஓடும் பெருநாளத்தை அழுத்தித் தலைச்சுற்றைத் தரலாம். ஆகவே வலது இடுப்புக்குக் கீழே மடித்த துவாயை வைத்துச் சற்றுச் சாய்த்தே பரிசோதித்தேன். இடது தொடையை மடித்து, முழங்கால் வழியாகக் கீழ்நோக்கி மெல்ல அழுத்தியபோது அவர் காட்டிய அதே புள்ளியில் வலி எழுந்தது, வலப்பக்கம் எழவில்லை. பூப்பென்பு ஒட்டைத் தொட்டபோது எழுந்த நோவு, கையை எடுத்த பின்னரும் சில நொடிகள் நீடித்தது.

எல்லாப் பரிசோதனைகளிலும் எனக்கு அதிகம் சொன்னது நேரான காலைத் தானே உயர்த்தும் பரிசோதனை. நீட்டிய காலைப் படுக்கையிலிருந்து ஒரு சாணளவு உயர்த்தச் சொல்லி, அது எவ்வளவு கடினம் என்று 0 முதல் 5 வரை தாயே எண் கொடுப்பார். வலது காலுக்கு 2 கொடுத்தார். இடது காலை உயர்த்த முயன்றபோது மூச்சைப் பிடித்தார், வயிறு ஒரு பக்கம் புடைத்தது, குதிக்கால் மட்டும் விரிப்பை விட்டு மயிரிழை உயர்ந்து விழுந்தது, அதற்கு 4. பின் என் இரு உள்ளங்கைகளையும் அவருடைய இடுப்பெலும்பின் இரு பக்கங்களிலும் வைத்து உள்நோக்கி அழுத்திப் பிடித்துக்கொண்டு, இப்போது உயர்த்துங்கள் தங்கச்சி என்றேன். கால் எழுந்தது. அவர் காலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். தானாகவே இறக்கி மீண்டும் ஒருமுறை உயர்த்தினார். பலம் இல்லாமலில்லை, வளையத்தை இறுக்கிப் பிடிக்கும் வேலைதான் குறைகிறது என்பதை நான் வார்த்தையால் விளக்குவதற்கு முன்பே அவர் தன் காலால் அறிந்துகொண்டார்.

கர்ப்பகாலத்தில் மூட்டுகளின் நார்கள் நெகிழ்வது இயல்பே. பூப்பென்பு ஒட்டின் இடைவெளி வழமையாக 4 முதல் 5 மில்லிமீற்றர். கர்ப்பத்தில் அது மேலும் 2, 3 மில்லிமீற்றர் விரியும். இந்நெகிழ்வுக்கு ரிலாக்சின் என்ற ஓமோனே காரணமென்றும், அதுவே வலிக்கும் காரணமென்றும் பரவலாகச் சொல்லப்படுகிறது. ஆனால் இரத்தத்தில் அதன் அளவுக்கும் வலியின் அளவுக்கும் ஆய்வுகளில் சீரான தொடர்பு காணப்படவில்லை. அந்த ஓமோன் உச்சத்தை எட்டுவதும் வலி கூடும் பிந்திய மாதங்களில் அன்று, முதல் மூன்று மாதங்களின் முடிவில்தான். நெகிழ்ந்த வளையத்தைச் சுற்றியுள்ள தசைகள் எவ்வளவு ஒத்திசைந்து இழுத்துப் பிடிக்கின்றன, அந்த வளையத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் எவ்வளவு சுமை ஏற்றப்படுகிறது என்பவையே நாம் மாற்றக்கூடியவை. காற்றில் கயிறு தளர்ந்த பந்தலுக்குக் காலை மாற்ற வேண்டியதில்லை, கயிற்றை இழுத்துக் கட்டினால் போதும் என்று அவருக்குச் சொன்னேன்.

அவருடைய ஒரு நாள்

இதற்குப் பின் நாங்கள் வலியைப் பற்றிப் பேசவில்லை. வேலையைப் பற்றிப் பேசினோம். காலையில் கிணற்றில் வாளியால் தண்ணீர் அள்ளி, நிறைந்த வாளியை வலக்கையில் தூக்கிக் குசினிக்குக் கொண்டு போகிறார். குனிந்து ஈர்க்குமாற்றால் மணல் முற்றத்தைக் கூட்டுகிறார். திருவலையில் பக்கவாட்டாக அமர்ந்து தேங்காய் துருவுகிறார். இடியப்ப உரலை நெஞ்சளவில் பிடித்து முழுப்பலத்தோடு அழுத்துகிறார். மகனை எப்போதும் இடது இடுப்பில்தான் தூக்கி வைக்கிறார். தைப்பதற்கு முன் துணியை நிலத்தில் விரித்து, ஒரு முழங்காலை மடித்து மறு காலை நீட்டியபடி வெட்டுகிறார். பிறகு மோட்டர் பூட்டிய மெஷினின் மிதியை ஒரு காலால் அழுத்தியபடி இரண்டு மணித்தியாலம் வரை எழும்பாமல் இருக்கிறார்.

இவற்றுள் ஒன்றேனும் தனித்துப் பார்த்தால் கடும் உழைப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் ஏறக்குறைய எல்லாமே இடுப்பின் ஒரு பக்கத்தில் பாரத்தை ஏற்றுபவை, அல்லது கால்களை அகற்றி வைக்கச் செய்பவை. ஓய்வெடுங்கள் என்ற அறிவுரை இங்கே ஏன் பயனற்றது என்பதும் இதிலேயே விளங்கும். யார் அந்த வேலையைச் செய்வது என்று சொல்லாத ஓய்வு, சொல்லப்படாத ஓய்வே. அதுவுமின்றி, முழுநேரப் படுக்கை தசைகளைத் தளர்த்தி, கால்களில் இரத்தம் உறையும் ஆபத்தையும் கூட்டும். ஆகவே நான் அவரை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. சில வேலைகளை வேறொருவர் கைக்கு மாற்றவும், மற்றவற்றைச் செய்யும் விதத்தை மாற்றவும் முயன்றேன்.

வாடைக்காற்று தொடங்கிவிட்ட காலம் அது. கடல் கொந்தளிக்கும் அந்த மாதங்களில் சிறு வள்ளங்கள் பெரும்பாலும் கரையில்தான் இருக்கும். அடுத்த முறை கணவரையும் அழைத்து வரச் சொன்னேன். அவர் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தவர், மனைவியின் இடுப்பை இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும்படி நான் கேட்டபோது தயங்கினார். பிடித்ததும் கால் எழும்பியதைக் கண்டபின் அதிகம் பேசவில்லை. கிணற்றுத் தண்ணீரும் முற்றம் கூட்டுவதும் அன்றிலிருந்து அவருடைய பொறுப்பாயின. துணி வெட்டுவது மேசைக்கு ஏறியது. மெஷினுக்கு முன்னிருந்த கதிரையின் மேல் ஒரு தலையணை வைக்கப்பட்டு இடுப்பு முழங்காலை விடச் சற்று உயர்ந்தது. அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழும்பி நிற்பது வழக்கமாயிற்று. மகனைத் தூக்குவதற்குப் பதிலாக, அவனே கதிரையில் ஏறித் தாயின் மடிக்கு வரப் பழகினான். மகனைத் தூக்காதே என்று ஒரு தாயிடம் சொல்வது கொடுமை. அவன் வந்து சேர ஒரு வழி காட்டிவிட்டால் இருவருக்கும் குறையில்லை.

அசையும் விதத்தில் சொல்லிக் கொடுத்தவை சிலவே. படியேறும்போது நோகாத கால் முதலில், இறங்கும்போது நோகும் கால் முதலில். ஒரு படியில் இரு கால்களையும் சேர்த்து நின்றே அடுத்த படி. ஆட்டோவில் முதலில் ஆசனத்தில் அமர்ந்து, பின்னர் இரு முழங்கால்களையும் ஒட்டியபடி ஒன்றாக உள்ளே திருப்புவது. உடை மாற்றுவது எப்போதும் இருந்தபடியே. சப்பாணி கட்டி இருப்பதும், குந்தியிருந்து வேலை செய்வதும் வேண்டாம்.

படுக்கையில் திரும்புவதற்குத்தான் நீண்ட நேரம் செலவழித்தோம். பக்கமாகப் படுத்து, முழங்கால்களுக்கு மட்டுமன்றிக் கணுக்கால்களுக்கும் நடுவே இருக்குமாறு நீளத் தலையணை வைக்க வேண்டும். திரும்பும்போது முழங்கால்களைத் தலையணையோடு இறுக்கிப் பிடித்து, மூச்சை வெளியே விட்டபடி, தோளும் இடுப்பும் காலும் ஒரே நேரத்தில் உருள வேண்டும். பருத்தி விரிப்பில் உடை ஒட்டிப் பிடிக்கும் என்பதால், இடுப்பளவில் பழைய நைலெக்ஸ் சேலையொன்றை மடித்து விரிக்கச் சொன்னேன். வழுக்கும் துணியில் உடல் இழுபடாமல் திரும்புகிறது. அடுத்த வருகையில் அவர் முதலில் சொன்ன செய்தி அந்தச் சேலையைப் பற்றியதே. 28ஆவது வாரத்துக்குப் பின் பக்கமாகப் படுத்தே நித்திரைக்குச் செல்வது குழந்தைக்கும் நல்லது என்பதால், இந்தப் பழக்கம் இரு வகையிலும் உதவியது.

பட்டியும் பயிற்சியும் மருந்தும்

இடுப்புப் பட்டியை வயிற்றைத் தாங்குவது போல உயரக் கட்டுவதை அடிக்கடி காண்கிறேன். இவ்வலிக்கு அது தாழக் கட்டப்பட வேண்டும். இடுப்பெலும்பின் முன் முனைகளுக்குச் சற்றுக் கீழே, என் கைகள் அழுத்திய அதே மட்டத்தில். கடையில் விற்கும் பட்டியை வாங்க வசதியில்லாததால், பழைய நூற்சேலையை நான்காக மடித்துச் சுற்றி இறுக்கிக் கட்டப் பழக்கினோம். நின்று வேலை செய்யும் நேரத்திலும் நடக்கும்போதும் மட்டும் கட்டி, இருக்கும்போதும் படுக்கும்போதும் அவிழ்த்துவிட வேண்டும். பட்டி குறுகிய நேரத் துணை. தசைகளின் வேலையை அது நிரந்தரமாக ஏற்றுக்கொள்ளக் கூடாது.

பயிற்சிகள் எளியவை. மூச்சை விடும்போது அடிவயிற்றை மெல்ல உள்ளிழுத்து, சிறுநீரை அடக்குவது போல இடுப்புத்தளத் தசைகளைச் சுருக்குதல். கதிரையில் இருந்து முழங்கால்களுக்கு இடையில் மடித்த துவாயை வைத்து ஐந்து நொடி அழுத்திப் பிடித்தல். கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி நின்று ஒரு கையை மட்டும் முன்னால் நீட்டுதல். கர்ப்பகால நாரி, இடுப்பு வலிக்கான சிகிச்சைகள் குறித்து 2015இல் வெளிவந்த கொக்ரேன் தொகுப்பாய்வு, உடற்பயிற்சி நாரி வலியைக் குறைக்கலாம் என்கிறது. இடுப்பு வளைய வலியில் அதன் சான்று அவ்வளவு உறுதியாக இல்லை. ஆகவே பயிற்சித் தாளொன்றை மட்டும் கையில் கொடுத்து அனுப்புவதை நான் ஏற்பதில்லை.

வலி தாங்க முடியாத இரவுகளில் பரசிற்றமோல் எடுக்கலாம் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். மாமி தன் முழங்கால் வலிக்கு வைத்திருந்த டைக்ளோபெனக் மாத்திரையைக் கொடுக்க முன்வந்திருந்ததை அறிந்தபோது, அதை ஏன் எடுக்கக்கூடாது என்பதை இருவருக்கும் விளக்கினேன். டைக்ளோபெனக், இபுபுரோபன் போன்றவை கர்ப்பத்தின் 20ஆவது வாரத்துக்குப் பின் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம். கடைசி மாதங்களில் குழந்தையின் இதயத்தோடு ஒட்டிய ஒரு குருதிக்குழாயைப் பிறக்கும் முன்னரே சுருக்கிவிடலாம். வைத்தியர் எழுதித் தராமல் அவற்றைத் தொடக்கூடாது.

எண்ணெய் தேய்ப்பதைப் பற்றி மாமி கேட்டார். இளஞ்சூட்டு எண்ணெயை நாரியிலும் பிட்டத்திலும் மென்மையாகத் தேய்ப்பதில் தடையில்லை. வயிற்றில் அழுத்தித் தேய்ப்பதும், இடுப்பை உதறி நிமிர்த்துவதும் கூடாது. கன்னியா வெந்நீரூற்றில் குளித்தால் குறையுமா என்பதும் இங்கே வழமையாக வரும் கேள்வி. இளஞ்சூட்டு நீர் நாரியில் விழும்போது கிடைக்கும் ஆறுதல் உண்மையானதே, அங்கே மூழ்கிக் கிடப்பதுமில்லை. ஆனால் அந்தச் சிறு கிணறுகளில் குனிந்து வாளியால் அள்ளி அள்ளி ஊற்றுவதும் ஈரத்தரையில் கால் வழுக்குவதும்தான் இவருக்கு ஆகாதவை. வேறொருவர் அள்ளி ஊற்றினால் போகலாம் என்றேன். வீட்டில் சுடுநீரில் நனைத்த துவாயைப் பிழிந்து வைத்தாலும் அதே பலன்தான்.

தைப்பொங்கலை ஒட்டிய பின்னடைவு

30ஆவது வாரத்தில் இரவு வலி 10க்கு 8 என்ற நிலையிலிருந்து 4க்கு இறங்கியது. இடது கால் உயர்த்தும் கடினம் 2 ஆயிற்று. பின்னர், 34ஆவது வாரத்தில், வருகைக்குக் குறித்த நாளுக்கு முன்பே அவர் கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். பொங்கலுக்கு முன் வீடு கழுவி, ஒட்டடை அடித்து, முற்றத்தில் குந்தியிருந்து கோலமும் போட்டிருக்கிறார். பண்டிகைத் தையலும் அதே நாட்களில் சேர்ந்திருந்தது. வலி மீண்டும் 8க்கு ஏறியிருந்தது.

அன்று மாமியும் கூட வந்திருந்தார். “நாங்களும் நாலு பெத்தனாங்கள்தானே பிள்ளை, கடைசி நாள் வரைக்கும் மாவிடிச்சனாங்கள்” என்றார். அதில் கடுமை இல்லை. தான் பட்டதை யாரும் கேட்கவில்லை என்ற பழைய வருத்தமே இருந்தது. உங்களுக்கு அப்போது நோகவில்லையா அம்மா என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மூன்றாவது பிள்ளையின்போது சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்ததாகச் சொன்னார். அந்த உரையாடலுக்குப் பின் தேங்காய் துருவுவதையும் இடியப்பம் பிழிவதையும் அவரே எடுத்துக்கொண்டார். மருமகளின் வலியை நம்புவதற்கு அவருக்குத் தேவைப்பட்டது, தன் வலியும் உண்மையாகவே இருந்தது என்று யாரேனும் ஒப்புக்கொள்வதே. இது சிகிச்சையின் வெளியே உள்ள விடயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு நாள் ஓய்வு, பட்டி, குறுகிய தூரத்துக்கு ஊன்றுகோல், அதன் பின் மெதுவாகப் பழைய ஒழுங்கு. ஒரு வாரத்துக்குள் வலி 5க்கு இறங்கியது. இத்தகைய பின்னடைவு உள்ளே ஏதோ முறிந்ததன் அடையாளமன்று. தாங்கும் அளவைச் சுமை தாண்டியதன் அடையாளம். அதை முன்கூட்டியே தாய்க்குச் சொல்லி வைப்பது நல்லது.

பிரசவமும் அதன் பின்னும்

இடுப்பு வளைய வலி மட்டும் சத்திரசிகிச்சைப் பிரசவத்துக்குக் காரணமாகாது. ஆனால் பிரசவ அறையில் கால்களை எவ்வளவு அகற்றலாம் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். 37ஆவது வாரத்தில், அவர் பக்கமாகப் படுத்திருக்கையில் வலியின்றி முழங்கால்கள் எவ்வளவு தூரம் விலகுகின்றன என்பதை அளவுநாடாவால் அளந்து, அந்த எண்ணைக் கர்ப்பிணிப் பதிவேட்டின் முன்பக்கத்தில் எழுதினோம். கூடவே, பக்கமாகப் படுத்தோ முழங்காலிட்டோ பிரசவிக்க இடமளிக்குமாறும், கால்களை உயர்த்தி அகற்ற நேர்ந்தால் இரண்டையும் ஒருங்கே, குறுகிய நேரத்துக்கு மட்டும் செய்யுமாறும் குறிப்பு வைத்தோம். முதுகில் உணர்விழப்பு ஊசி போடப்பட்டால் இந்த அளவு இன்னும் முக்கியம். வலி தெரியாதபோதுதான் மூட்டு தாங்கும் எல்லை தாண்டப்படும். 39ஆவது வாரத்தில் சுகப்பிரசவமாகப் பெண் குழந்தை பிறந்தது. இடப்பக்கம் சாய்ந்து படுத்தபடியே பெற்றதாகவும், மருத்துவமாது பதிவேட்டைப் பார்த்துவிட்டே காலைப் பிடித்ததாகவும் சொன்னார்.

பிள்ளை பெற்றவளுக்கு வயிறு கட்டும் வழக்கம் இங்கே உண்டு. அதைத் தடுக்க நான் முயலவில்லை. விலாவுக்குக் கீழே இறுக்கிக் கட்டும்போது அழுத்தம் இடுப்புத்தளத்தின் மேல் இறங்குகிறது என்பதை விளக்கி, அதே துணியை இடுப்பெலும்பின் மட்டத்துக்குத் தாழ்த்திக் கட்டச் சொன்னேன். பாலூட்டும்போது குனியாமல் குழந்தையைத் தலையணையில் உயர்த்தி வைப்பது, தொட்டிலை இடுப்பளவு உயரத்தில் கட்டுவது, ஐம்பது மீற்றர் நடையிலிருந்து தொடங்கி நாளுக்கு நாள் கூட்டுவது என்பவையே முதல் மாதத்தின் பணிகள். 31ஆம் நாள் துடக்குக் கழிந்ததும் வீடு நிறைய வேலை வருமென்பது தெரிந்ததால், அந்த வாரத்துக்கான வேலைப் பங்கீட்டை மாமியோடு முன்பே பேசி வைத்தோம்.

ஆறாவது வாரத்தில் படுக்கையில் திரும்புவது வலியின்றி முடிந்தது. இடது கால் உயர்த்தும் கடினம் 1. மூன்றாம் மாத முடிவில் பூப்பென்பு ஒட்டில் நோவு இல்லை, பின்பக்க மூட்டில் நீண்ட நடைக்குப் பின் மட்டும் இலேசான கடுகடுப்பு. தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுத் தொடங்கிக் கணவர் கடலுக்குத் திரும்பிவிட்டதால், அரை வாளியாக, இரு கைகளிலும் சமமாகப் பிரித்துத் தண்ணீர் தூக்கப் பழகியிருந்தார். ஒற்றைக் காலில் நிற்கும் பயிற்சியையும் இடுப்பைத் தாங்கும் தசைகளுக்கான பயிற்சிகளையும் மேலும் மூன்று மாதம் தொடரச் சொல்லி, வலி மீண்டால் உடனே வருமாறு கூறியிருக்கிறேன். அடுத்த கர்ப்பத்தில் இது திரும்ப வரக்கூடும் என்பதால், முதல் கிளினிக்கிலேயே குடும்பநல மருத்துவமாதுவிடம் சொல்ல வேண்டிய தகவலாக ‘இடுப்பு வளைய வலி, இடப்பக்கம்’ என்று அவருடைய பதிவேட்டில் எழுதப்பட்டுள்ளது.